சேர் பொன்னம்பலம் அருணாசலம் (1853 - 1924): குடித்தொகை மதிப்பும் இன அடையாளமும்

மாணவர்களே, சேர் பொன்னம்பலம் அருணாசலம் யார் என்று கேட்டால் உங்களிற் பெரும்பாலோர் எழுதும் விடை ஒன்றே: இலங்கைத் தேசிய காங்கிரஸின் முதலாவது தலைவர். விடை சரியானதே. ஆயினும் அவர் தலைமையேற்றது 1919 இல். அக்காங்கிரஸை விட்டு வெளியேறியது 1921 இல். இரண்டே ஆண்டுகளில் நிகழ்ந்த இம்மாற்றத்தைப் பலர் ஒரே வரியிற் கடந்துவிடுகின்றனர். இந்தப் பாடத்தில் அவரது வாழ்க்கையைச் சற்று வேறு கோணத்தில் நோக்குவோம். இனம், சாதி, நிறம் என்னும் அடையாளங்களால் அளக்கப்பட்டவர் அவர். அரசாங்கத்தின் சார்பில் நாட்டு மக்கள் அனைவரையும் அவ்வடையாளங்களின்படி எண்ணியவரும் அவரே. அந்த அடையாளங்களுக்கு அப்பால் ஒரு பொது அமைப்பைக் கட்டியெழுப்ப முயன்றவரும் அவரே. சமூக உளவியலில் நீங்கள் படிக்கும் அடையாளம், தப்பெண்ணம், பாரபட்சம் ஆகிய சொற்களுக்கு நம் நாட்டிலிருந்தே உதாரணம் காட்ட இவரது வாழ்க்கையை விடச் சிறந்தது கிடைப்பது அரிது.

பிறப்பும் கல்வியும்

அருணாசலம் 1853 செப்டெம்பர் 14 ஆந் திகதி கொழும்பிலே பிறந்தார். தந்தையார் கேற் முதலியார் அ. பொன்னம்பலம். மானிப்பாயைப் பூர்வீகமாகக் கொண்ட இக்குடும்பம் கொழும்பிற் செல்வாக்குப் பெற்று விளங்கியது. கொட்டாஞ்சேனைப் பக்கத்து மாணவர்களுக்கு நன்கு பழக்கமான கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசுவரர் கோயிலை முதலில் அமைத்தவர் இந்தப் பொன்னம்பல முதலியாரே. பின்னர் அதனைக் கருங்கற் கோயிலாகக் கட்டுவித்தவர் அருணாசலத்தின் தமையனார் சேர் பொன்னம்பலம் இராமநாதன். தாய்மாமனார் சேர் முத்துக்குமாரசுவாமி சட்ட நிரூபண சபையிலே தமிழர் பிரதிநிதியாக இருந்தவர்.

சட்ட நிரூபண சபையின் அமைப்பை இங்கு நினைவிற் கொள்க. 1833 இல் கோல்புறூக் சீர்திருத்தத்தின்படி அமைந்த அச்சபையில் உத்தியோகப் பற்றற்ற உறுப்பினர் அறுவருக்கு இடமிருந்தது. ஐரோப்பியர் மூவர், சிங்களவர் ஒருவர், தமிழர் ஒருவர், பறங்கியர் ஒருவர். 1889 இல் கண்டிச் சிங்களவருக்கும் முஸ்லிம்களுக்கும் ஒவ்வோரிடம் சேர்க்கப்பட்டது. ஆகவே அருணாசலம் பிறந்த காலத்திலேயே, ஓர் இலங்கையன் ஆட்சியாளர் முன்னிலையிற் பேச வேண்டுமாயின் ஓர் இனத்தின் பெயரால்தான் பேச முடியும் என்ற நிலை இருந்தது. இந்த ஏற்பாட்டைச் செய்தது மக்களல்ல, ஆட்சியே.

கொழும்பு அக்கடமியில் (இன்றைய றோயல் கல்லூரி) கற்ற அருணாசலம், புலமைப்பரிசில் பெற்று 1870 இல் இங்கிலாந்து சென்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கிறைஸ்ட்ஸ் கல்லூரியிலே சேர்ந்தார். அங்கு ஆங்கிலேய எழுத்தாளர் எட்வேர்ட் கார்ப்பென்ரர் அவருக்கு நண்பரானார். இந்நட்பு ஆயுட்காலம் முழுவதும் நீடித்தது; 1890 இல் கார்ப்பென்ரர் இலங்கை வந்து நண்பருடன் பழகி, பின்னர் தம் பிரயாணத்தைப் பற்றி நூலும் எழுதினார். அடுத்து வருவதை விளங்கிக்கொள்ள இது உதவும். ஆளும் இனத்தவர் ஒருவரும் ஆளப்படும் இனத்தவர் ஒருவரும் சம நிலையிலே கேம்பிரிட்ஜிற் பழக முடிந்தது. கொழும்புக் கந்தோரில் அது அவ்வளவு எளிதாக இருக்கவில்லை.

சிவில் சேவையில்

1875 இல் போட்டிப் பரீட்சையில் தேறி இலங்கைச் சிவில் சேவையிற் சேர்ந்தார். திறந்த போட்டிப் பரீட்சை மூலம் இச்சேவையிற் புகுந்த முதலாவது இலங்கையர் இவரே. (இது பரீட்சைக்கு முக்கியம்.)

அக்காலத்துச் சிவில் சேவையில் இரு பக்கங்கள் இருந்தன. ஒன்று கச்சேரி நிருவாகம், அதாவது உதவி அரசாங்க அதிபர், அரசாங்க அதிபர் என உயர்ந்து செல்லும் பாதை. மற்றையது நீதித்துறை. உண்மையான அதிகாரம் முதலாவதிலே இருந்தது. இலங்கையர் சேவையிற் சேர்ந்தாலும் அவர்கள் பெரும்பாலும் நீதித்துறைப் பக்கமே தள்ளப்பட்டனர். அருணாசலமும் பத்தாண்டுகளுக்கு மேலாகப் பல ஊர்களில் நீதவானாகவும் நீதிபதியாகவும் பணியாற்றினார். அரசாங்க அதிபர் பதவி அவருக்கு ஒருபோதும் கிடைக்கவில்லை.

1887 இல் ஆளுநர் சேர் ஆதர் கோர்டன் அவரைப் பதிவாளர் நாயகமாகவும் மேல் மாகாணப் பிஸ்காலாகவும் நியமித்தார். தம்மைத் தாண்டி ஒரு சுதேசி உயர்த்தப்பட்டதைச் சேவை மூப்புடைய ஐரோப்பிய உத்தியோகத்தர் ஆட்சேபித்தனர்.

இவ்விடத்தில் ஆய்வாளர் ஒருவர் செய்வது போலச் சிந்தித்துப் பார்ப்போம். இந்த ஆட்சேபம் தப்பெண்ணமா? தப்பெண்ணம் என்பது ஒருவரை அவருடைய தனிப்பட்ட தகுதியைப் பாராமல், அவர் சார்ந்த குழுவை வைத்து முன்கூட்டியே மதிப்பிடும் மனப்பாங்கு. பாரபட்சம் என்பது அம்மனப்பாங்கு செயலாக வெளிப்படுவது. பல மாணவர் இவ்விரண்டையும் ஒன்றாக எழுதிவிடுகின்றனர், அது தவறு. ஒருவர் மனதிலே தப்பெண்ணம் இருந்தும் செயலிற் காட்டாதிருக்கலாம். தப்பெண்ணம் இல்லாதவர்கூட, விதிகள் அப்படி இருப்பதனால், பாரபட்சமான செயலைச் செய்யலாம்.

1887 ஆம் ஆண்டு ஆட்சேபத்துக்கு இரு விளக்கங்கள் சாத்தியம். ஒன்று, நிறம் காரணமாக எழுந்த எதிர்ப்பு. மற்றது, யாராயினும் சேவை மூப்பை மீறி உயர்த்தப்படக்கூடாது என்ற வழக்கமான உத்தியோக மனக்குறை. ஒரு சம்பவத்தை மட்டும் வைத்து இவற்றில் எது உண்மை என்று தீர்மானிக்க முடியாது. ஒப்பீடு தேவை. ஓர் ஐரோப்பியர் மூப்பை மீறி உயர்த்தப்பட்ட வேளைகளிலும் இதே எதிர்ப்பு எழுந்ததா என்று பார்க்க வேண்டும். எழுந்திருந்தால் இரண்டாவது விளக்கம் வலுப்பெறும். இன்னொரு வழி, தனிச் சம்பவத்தை விட்டு ஒழுங்கைப் பார்ப்பது. பல ஆண்டுகளாக, பல உத்தியோகத்தர் விடயத்தில், கச்சேரிப் பக்கம் ஐரோப்பியருக்கும் நீதித்துறைப் பக்கம் இலங்கையருக்கும் என நியமனங்கள் அமைந்தன. ஒருவருக்கு நேர்ந்தால் தற்செயல் எனலாம். எல்லோருக்கும் நேர்ந்தால் தற்செயல் எனல் கடினம். பாரபட்சத்தை நிறுவுவதற்கு ஒருவரது மனதைத் திறந்து பார்க்க வேண்டியதில்லை. நியமனப் பதிவேட்டைத் திறந்து பார்த்தாற் போதும்.

அருணாசலம் இதற்கு வாயால் பதில் சொல்லவில்லை, வேலையாற் சொன்னார் எனலாம். பதிவாளர் நாயகம் திணைக்களத்திற் பிறப்பு, இறப்புப் பதிவுகளும் காணிப் பதிவுகளும் ஒழுங்கின்றிக் கிடந்தன. காணி உறுதிகளைத் தேடி எடுப்பதற்குச் சரியான அட்டவணைகள் இல்லாமையால் மோசடிக்கு இடமிருந்தது. அவர் அவற்றைச் சீர்படுத்தினார். வறண்ட வேலைதான். ஆனால் எந்தப் புள்ளிவிபரமும் அடிப்படைப் பதிவுகள் சரியாக இருந்தாலன்றிப் பயன் தராது என்பதை அவர் அறிந்திருந்தார். இந்த அனுபவமே அவரை அடுத்த பெரும் பணிக்குக் கொண்டுசென்றது.

1901 ஆம் ஆண்டுக் குடித்தொகை மதிப்பு

இலங்கையில் நவீன முறையிலான முதலாவது குடித்தொகை மதிப்பு 1871 இல் நடைபெற்றது. அதன்பின் பத்தாண்டுக்கு ஒரு முறை நடந்தது. நான்காவதான 1901 ஆம் ஆண்டு மதிப்புக்கு அருணாசலம் அத்தியட்சகராக நியமிக்கப்பட்டார். 1901 மார்ச் 1 ஆந் திகதி எண்ணப்பட்ட மக்கள் தொகை ஏறக்குறைய 35 லட்சத்து 65 ஆயிரம். முடிவுகள் நான்கு பாகங்களாக வெளிவந்தன. அவரது அறிக்கை எண்களோடு நின்றுவிடவில்லை. இத்தீவின் மக்கட் கூட்டத்தினர், அவர்களின் வரலாறு, சமயம், மொழி, இலக்கியம் ஆகியன பற்றிய விரிவான விளக்கங்களும் அதில் இடம்பெற்றன.

ஆராய்ச்சி முறையியலின் நோக்கில் குடித்தொகை மதிப்பு என்பது முழுமையான கணக்கெடுப்பு. ஆய்வுக்குரிய குடி முழுவதிலுமிருந்து, ஒருவரும் விடுபடாமல், தரவு சேகரிக்கப்படுகிறது. இதற்கு மாறானது மாதிரி ஆய்வு. எல்லோரையும் கேட்கப் பணமும் காலமும் இல்லாதபோது சிலரைத் தெரிவு செய்து கேட்கிறோம். அத்தெரிவு எழுமாறாக அமைந்தாலே முடிவை முழுக் குடிக்கும் பொருத்தலாம். கொழும்புத் தமிழரின் மனப்பாங்கை அறிய வேண்டுமென்று வெள்ளவத்தையிலே காலி வீதிக் கடைகளில் நிற்போரை மட்டும் கேட்டுவிட்டு வந்தால், கொட்டாஞ்சேனையும் நுகேகொடையும் விடுபட்டுவிடும். வெள்ளவத்தையிலுங்கூட அந்நேரம் வீட்டிலும் வேலைத்தலத்திலும் இருந்தவர்கள் விடுபட்டுவிடுவார்கள். இது மாதிரி வழு எனப்படும்.

முழுக் கணக்கெடுப்பில் இவ்வழு இல்லை. ஆனால் அதைவிட நுட்பமான வேறொரு பிரச்சினை உண்டு. மக்களை எண்ணுவதற்கு முன் அவர்களை எந்த வகுதிகளில் எண்ணுவது எனத் தீர்மானிக்க வேண்டும். வயதை எண்ணுவது எளிது. இனத்தை எண்ணுவது எப்படி? 1871 ஆம் ஆண்டு மதிப்பில் 24 இனங்களும் 78 தேசியங்களும் காட்டப்பட்டிருந்தன. 1881 இல் அவை ஏழாகச் சுருக்கப்பட்டன: ஐரோப்பியர், சிங்களவர், தமிழர், சோனகர், மலாயர், வேடர், ஏனையோர். பத்தே ஆண்டுகளில் இந்நாட்டிலிருந்து பதினேழு இனங்கள் மறைந்துவிடவில்லை. மாறியது படிவம். அருணாசலத்தின் 1901 ஆம் ஆண்டு அட்டவணைகளிற் சிங்களவர், கரையோரச் சிங்களவர் என்றும் கண்டிச் சிங்களவர் என்றும் வெவ்வேறாகக் காட்டப்பட்டனர். தமிழர் ஒரே தொகுதியாக, ஏறக்குறைய 9 லட்சத்து 50 ஆயிரம் பேராக இருந்தனர். அடுத்த 1911 ஆம் ஆண்டு மதிப்பில், அப்போது அருணாசலம் அத்தியட்சகர் அல்லர், இலங்கைத் தமிழர் என்றும் இந்தியத் தமிழர் என்றும் இரு வகுதிகள் தோன்றின. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 5 லட்சத்து 30 ஆயிரம்.

இதை வெறும் எழுதுவினைஞர் வேலை என்று எண்ணிவிடக்கூடாது. சபையில் இடம், உத்தியோகத்தில் பங்கு, பின்னாளிற் குடியுரிமை ஆகிய யாவும் இத்தகைய வகுதிகளைக் கொண்டே பேசப்பட்டன. 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழரிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். அதற்குக் காரணம் அட்டவணை அன்று, அரசியலே. ஆயினும் யாரை வெளியே நிறுத்துவது என்ற கேள்வி எழுந்தபோது அதற்கான பெயர் ஏற்கனவே தயாராக இருந்தது.

மறுபுறமும் உண்டு. வகுதி இல்லாமையும் ஒரு குறையே. கொட்டாஞ்சேனைப் பகுதியிற் பரம்பரையாக வாழ்ந்துவரும் கொழும்புச் செட்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். 2001 ஆம் ஆண்டு மதிப்பிலே அவர்கள் தனி இனப் பிரிவாகக் காட்டப்பட்டனர். தனிப் பெட்டி இல்லாத ஒரு கூட்டத்தினர் வேறொரு பெட்டிக்குள் விழுந்துவிடுவர். அவர்களைப் பற்றி எவரும் புள்ளிவிபரம் தர முடியாது போய்விடும்.

பெயரிட்டாற் போதுமா?

ஒரு கூட்டத்துக்குப் பெயரிட்டுவிட்டால் மட்டும் பகை வந்துவிடுமா என்று நீங்கள் கேட்கலாம். இக்கேள்வியைப் பரிசோதனை மூலம் ஆராய்ந்தவர் ஹென்றி தஜ்ஃபெல் (1919 - 1982) என்னும் சமூக உளவியலாளர். போலந்திற் பிறந்த யூதரான இவர், இரண்டாம் உலகப் போரில் நாசிகளாற் குடும்பத்தை இழந்தவர். இங்கிலாந்தின் பிறிஸ்டல் நகரில் ஏறக்குறைய உங்கள் வயதுடைய, 14, 15 வயது மாணவர்களைக் கொண்டு அவர் நடத்திய பரிசோதனைகள் 1970 இல் வெளியாயின. முதலாவது பரிசோதனையில் 64 மாணவர் பங்குபற்றினர். திரையிற் காட்டிய புள்ளிகளின் எண்ணிக்கையை மதிப்பிடச் சொல்லி, அதன்படி இரு குழுக்களாகப் பிரிப்பதாக அவர்களுக்குக் கூறப்பட்டது. உண்மையிற் பிரிவு எழுமாறாகவே செய்யப்பட்டது. குழுவில் வேறு யார் இருக்கிறார்கள் என்பதுகூட அவர்களுக்குத் தெரியாது. பின்னர் மற்ற மாணவர்களுக்குச் சிறு பணத்தொகை பங்கிடும்படி கேட்டபோது, பெரும்பாலோர் தம் குழுவினருக்கே கூடுதலாகக் கொடுத்தனர். தொடர்ந்து செய்த பரிசோதனைகளில், தம் குழுவுக்குக் கிடைக்கும் மொத்தத் தொகை குறைந்தாலும் பரவாயில்லை, மற்றக் குழுவை விட அதிகமாக இருந்தாற் போதும் என்ற போக்கும் காணப்பட்டது.

இதிலிருந்து சமூக அடையாளக் கோட்பாடு வளர்ந்தது. ஒருவர் தம்மைப் பற்றிக் கொண்டுள்ள மதிப்பின் ஒரு பகுதி அவர் சார்ந்த குழுவிலிருந்து வருகிறது. ஆகவே தம் குழு மேலாகத் தோன்ற வேண்டும் என்று அவர் விரும்புகிறார். ஆனால் ஒருவர் ஒரே குழுவை மட்டும் சார்ந்தவரல்லர். எந்த அடையாளம் எப்போது மேலெழும்? இதற்கு அருணாசலத்தின் குடும்பமே நல்ல உதாரணம் தருகிறது.

1911 ஆம் ஆண்டுத் தேர்தல்

குறூ - மக்கலம் சீர்திருத்தத்தின்படி, கற்ற இலங்கையர் அனைவருக்கும் பொதுவான ஓரிடம் முதன்முறையாகத் தேர்தல் மூலம் நிரப்பப்பட்டது. 1911 டிசெம்பரில் நடந்த இத்தேர்தலில் அருணாசலத்தின் தமையனார் இராமநாதனும் வைத்தியர் மார்க்கஸ் பெர்னாந்தோவும் போட்டியிட்டனர். வாக்காளரிற் சிங்களவரே பெரும்பான்மையினர். ஆயினும் வென்றவர் தமிழரான இராமநாதன். சிங்களவரிடையே கொவிகம, கராவ சாதிப் போட்டி அப்போது கடுமையாக இருந்தது. கராவ சமூகத்தவரான பெர்னாந்தோவை விட உயர்குலத் தமிழர் ஒருவரைக் கொவிகம வாக்காளர் விரும்பினர் என வரலாற்றாசிரியர் விளக்குவர்.

இத்தேர்தலை இனநல்லிணக்கத்தின் வெற்றி என்று மட்டும் எழுதும் வழிகாட்டிகள் உண்டு. அது பாதி உண்மையே. ஒரு தப்பெண்ணம் தணிந்திருந்தது, இன்னொன்று விழித்திருந்தமையால். அன்று இன அடையாளம் பின்னால் நின்றது; சாதி அடையாளம் முன்னால் வந்தது. அதே மனிதர்கள், அதே கொழும்பு. பத்தாண்டுகளின் பின் நிலைமை தலைகீழாயிற்று.

ஓய்வுக்குப் பின்

அருணாசலம் 1912 இல் நிறைவேற்றுச் சபை உறுப்பினராகி, 1913 இல் அரச சேவையிலிருந்து ஓய்வு பெற்றார். சேர் பட்டமும் கிடைத்தது. வயது அறுபது. பலர் இந்த இடத்திற் சாய்வு நாற்காலியைத் தேடுவர். இவரோ அரசியலைத் தேடினார்.

1915 இல் இலங்கைச் சமூக சேவைக் கழகத்தை நிறுவிக் கொழும்பு நகர ஏழைகளிடையே பணியாற்றினார். 1919 இல் இலங்கைத் தொழிலாளர் நலன்புரிக் கழகத்தைத் தோற்றுவித்தார். பெரி. சுந்தரம் இதில் அவரோடு உழைத்தார். ஒப்பந்தத்தை மீறித் தோட்டத்தை விட்டுப் போன தொழிலாளியைச் சிறையிலிடும் சட்டத்தை எதிர்ப்பது இக்கழகத்தின் முக்கிய வேலையாக இருந்தது. அத்தண்டனை விதிகள் 1921 இல் நீக்கப்பட்டன. 1911 ஆம் ஆண்டு அட்டவணை இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் எனப் பிரித்துக் காட்டிய கோட்டை, கொழும்பு உயர்குடும்பத்தில் வந்த இவர் இங்கே தாண்டினார். அந்நாளில் அவரைப் போன்றோர் பலர் அதைச் செய்யவில்லை.

இலங்கைக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டுமென 1906 இலிருந்தே அவர் பாடுபட்டார். சிங்களத்துக்கும் தமிழுக்கும் கல்வியில் உரிய இடம் கேட்டார். இம்முயற்சியின் பயனாக 1921 இற் கொழும்பிற் பல்கலைக்கழகக் கல்லூரி திறக்கப்பட்டது.

1917 ஏப்ரல் 2 ஆந் திகதி கொழும்பிலே நமது அரசியல் தேவைகள் பற்றி அவர் ஆற்றிய உரை அரசியற் சீர்திருத்த இயக்கத்துக்கு வித்திட்டது. அவ்வாண்டே இலங்கைச் சீர்திருத்தக் கழகம் தோன்றியது, அவரே தலைவர். இலங்கைத் தேசிய சங்கம், யாழ்ப்பாணச் சங்கம் முதலிய அமைப்புகளையும் ஒன்றுசேர்த்து 1919 டிசெம்பர் 11 ஆந் திகதி இலங்கைத் தேசிய காங்கிரஸ் உருவாயிற்று.

யாழ்ப்பாணச் சங்கம் எளிதில் இணங்கவில்லை. இனவாரிப் பிரதிநிதித்துவம் நீங்கிப் பிரதேசவாரிப் பிரதிநிதித்துவம் வந்தால் எண்ணிக்கையிற் குறைந்தோர் நிலை என்னாகும் என்பது அவர்களின் அச்சம். அச்சத்தைப் போக்க, ஜேம்ஸ் பீரிஸ், ஈ. ஜே. சமரவிக்கிரம ஆகிய சிங்களத் தலைவர் இருவர் 1918 டிசெம்பரில் எழுத்து மூலம் உறுதியளித்தனர். மேல் மாகாணத்திலே தமிழருக்கென ஓரிடம் ஒதுக்கப்படுவதைத் தாம் ஆதரிப்பதாக அவ்வுறுதி அமைந்தது. அருணாசலம் அவ்வுறுதியை நம்பி, தம் பெயரையும் பிணையாக வைத்து, யாழ்ப்பாணத்தாரை அழைத்து வந்தார்.

1921: பிரிவு

1920 ஆம் ஆண்டு மனிங் சீர்திருத்தத்தின்படி 1921 இற் தேர்தல் வந்தது. தமிழருக்குரிய மேல் மாகாண இடம் ஏற்படவில்லை. கொழும்பு நகர இடத்துக்கு அருணாசலம் நிற்பார் என எதிர்பார்க்கப்பட்டது. காங்கிரஸின் ஆதரவு ஜேம்ஸ் பீரிஸுக்குச் சென்றது. அவரே அவ்விடத்துக்குத் தெரிவானார். 1918 ஆம் ஆண்டு உறுதி காங்கிரஸ் தோன்றுமுன் அளிக்கப்பட்டது, அது காங்கிரஸைக் கட்டுப்படுத்தாது என்பது மறுதரப்பின் வாதம். சட்டப்படி அது பேசக்கூடிய வாதமே. ஆனால் அருணாசலம் சட்டத்தை நம்பி யாழ்ப்பாணத்துக்குப் போகவில்லை, சொல்லை நம்பியே போனார். அவர் காங்கிரஸிலிருந்து விலகினார். அதே ஆண்டிலே தமிழர் மகாஜன சபை தோன்றியது.

இப்பிரிவை விளக்க இன்னொரு பரிசோதனை உதவும். 1954 இல் அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்தில் முசாபர் ஷெரிஃப் என்பவரும் அவரது குழுவினரும் பதினொரு வயதுச் சிறுவர் 22 பேரை ஒரு கோடைகால முகாமில் இரு குழுக்களாகப் பிரித்தனர். ஒரு குழு மட்டுமே பெறக்கூடிய பரிசுகளுக்குப் போட்டி வைத்ததும் குழுக்களிடையே பகை மூண்டது. சேர்ந்து உண்ணச் செய்தும் படம் பார்க்கச் செய்தும் பகை தணியவில்லை. குடிநீர் தடைப்பட்டது, வாகனம் நின்றுவிட்டது என இரு குழுவும் சேர்ந்தாலன்றித் தீராத பிரச்சினைகள் வந்தபோதே தணிந்தது.

1917 முதல் 1919 வரை காங்கிரஸ்காரருக்கு இருந்த இலக்கு, ஒருவர் தனித்து அடைய முடியாதது: பிரித்தானியரிடமிருந்து அதிகாரம் பெறுதல். அப்போது சிங்களவர், தமிழர் என்ற அடையாளங்கள் இலங்கையர் என்ற அடையாளத்தின் கீழ் அடங்கி நின்றன. 1921 இல் அதிகாரத்தின் ஒரு சிறு பகுதி கிடைத்தது. கிடைத்ததோ ஒரே இடம். ஒருவருக்குக் கிடைத்தால் மற்றவருக்கு இல்லை. எந்தப் பக்கத்துத் தலைவர்களும் ஒரே இரவில் தீயவர்களாகிவிடவில்லை. போட்டியின் அமைப்பு மாறியது. ஆனால் அமைப்பின் மீதே முழுப் பழியையும் போட்டுவிடுவதும் முறையன்று. கொடுத்த உறுதியைக் காப்பதா விடுவதா என்பது மனிதர் எடுத்த முடிவு. அதைக் காத்திருக்கலாம். ஓர் இடத்தாற் காங்கிரஸ் குடிமுழுகிப் போயிராது.

ஒரு முக்கிய எச்சரிக்கை. ஷெரிஃபின் பரிசோதனையில் ஆய்வாளர் நிலைமைகளைத் தம் கட்டுப்பாட்டில் வைத்து, போட்டி என்னும் சாரா மாறியை மாற்றி, பகை என்னும் சார்ந்த மாறி எவ்வாறு மாறுகிறது என அவதானித்தார். 1921 ஐ அவ்வாறு திரும்ப நடத்திப் பார்க்க முடியாது. அது ஒரு விடய ஆய்வு. விடய ஆய்வு ஆழமான விளக்கம் தரும், காரணத்தை நிறுவாது. ஆகவே விடையில் எழுதும்போது, இப்பரிசோதனை 1921 ஆம் ஆண்டுப் பிரிவை நிரூபிக்கிறது என்று எழுதாதீர்கள். அதனை விளங்கிக்கொள்ள உதவுகிறது என்று எழுதுங்கள்.

இறுதிக்காலம்

1923 இல் அருணாசலம் இலங்கைத் தமிழர் கழகத்தை ஆரம்பித்தார். ஒரு காலத்தில் நாட்டு மக்கள் எல்லோரையும் எண்ணி எழுதியவர், எல்லோருக்குமாக ஒரு காங்கிரஸை அமைத்தவர், இறுதியில் ஒரு நிரலுக்குரிய தலைவராக நின்றார். அவரது மனம் சுருங்கிவிட்டது என்பார் சிலர். அவருக்கு வேறு இடம் விடப்படவில்லை என்பார் வேறு சிலர். அவர் எழுதிய இலங்கை வரலாற்றுச் சுருக்க நூலையும் (1906) அவர் உழைத்த கழகங்களையும் பார்க்கும்போது இரண்டாவது கருத்தே பொருத்தமாகத் தோன்றுகிறது.

தல யாத்திரையாகத் தமிழகம் சென்றிருந்த வேளையில் 1924 ஜனவரி 9 ஆந் திகதி மதுரையிலே காலமானார். 1930 இல் கொழும்பில் அப்போதைய சட்ட நிரூபண சபைக் கட்டட வளாகத்தில் அவருக்குச் சிலை எழுப்பப்பட்டது. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மாணவர் விடுதிகளில் ஒன்று அவர் பெயரைத் தாங்கியுள்ளது. மகன் சேர் அருணாசலம் மகாதேவா பின்னாளில் உள்நாட்டு அமைச்சரானார்.

முயன்று பார்க்க: 1911 ஆம் ஆண்டுத் தேர்தலையும் 1921 ஆம் ஆண்டு இடப் பிரச்சினையையும் எடுத்து, ஒவ்வொன்றிலும் எந்த அடையாளம் மேலெழுந்தது, எதற்காகப் போட்டி நிகழ்ந்தது, போட்டியின் அமைப்பை ஏற்படுத்தியவர் யார் என ஒரு பக்கத்துக்கு மேற்படாமல் எழுதுக. எழுதியபின், உங்கள் விளக்கத்துக்கு எதிரான இன்னொரு விளக்கத்தையும், அதைச் சோதிக்க எந்தப் பதிவேட்டைத் தேடுவீர்கள் என்பதையும் இரண்டு வரியிற் குறிப்பிடுக.